15 வயதில் தாயானவளோடு என் மகள் பழகலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டில் 15 வயதுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையின் அப்பாவுக்கு 17. வீட்டாரின் துணையோடு குழந்தையை அவர்களே வளர்க்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் அந்த வீட்டோடு பேசுவதில்லை. அவளும் என் மகளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "நான் போய்ப் பார்க்கட்டுமா?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்:

போகட்டும். தாராளமாகப் போகட்டும்.

பல வருடங்களாகத் தடுப்பூசிப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் அக்கம்பக்கத்தார் பார்க்கிற அதே பார்வைதான் எனக்கும் இருந்தது. அது மாறிய நாளைச் சொல்கிறேன்.

ஒன்றரை மாத ஊசிக்கு ஒரு குழந்தை வந்தது. தூக்கி வந்தவள் ஒரு சின்னப் பெண். அவளுக்குப் பின்னால் நாற்பதை ஒட்டிய ஓர் அம்மா. நான் தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொண்டே, "குழந்தையோட அம்மா வரலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்றவர், "இவதான் சிஸ்டர்" என்றார். வெளியே சொல்லக்கூடாத வியாதியின் பெயரைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வரிசையில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. "அதுவே ஒரு குழந்தை, அதுக்கு ஒரு குழந்தையா" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது என்றால் அவளுக்கும் கேட்டிருக்கும்.

குழந்தையை எடைமேடையில் போட்டேன். முதல் சில மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். அந்த அளவுக்கு ஏறவில்லை. எத்தனை தடவை பால் கொடுக்கிறார்கள் என்று பாட்டியைத்தான் கேட்டேன். தாய் என் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள், நான் அவள் தோளுக்கு மேலாகப் பேசுகிறேன். "இவளுக்கு என்ன சிஸ்டர் தெரியும், எங்கிட்டயே சொல்லுங்க" என்றார் பாட்டி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அப்போது அந்தப் பெண் பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்திருந்தாள். பரீட்சைத் தாளுக்குப் போடுவதுபோல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம்: தேதி, மணி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம். குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது. இருபத்தைந்து, முப்பது வயதில் தாயானவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கணக்கை ஒருவரும் எனக்குக் காட்டியதில்லை.

நோட்டைப் புரட்டியதும் விஷயம் பிடிபட்டது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். பல நாட்களில் ஒழுங்காக அப்படித்தான் இருந்தது. ஆனால் நடுநடுவே சில நாட்களில் காலையில் ஒன்று, பிறகு ஐந்து மணி நேரம் காலி, மாலையில் ஒன்று. "இந்த நாள்லாம் என்னாச்சும்மா?" என்று முதல்முறையாக அவளைப் பார்த்துக் கேட்டேன். "வெளியில போன நாள் சிஸ்டர். இல்லைன்னா வீட்டுக்கு யாராவது வந்திருப்பாங்க. எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. அதான் அவங்க போற வரைக்கும் கொடுக்க மாட்டேன்" என்றாள்.

அன்று காலையிலிருந்தும் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அதே வரிசையில் வேறொரு தாய் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரையை இழுத்துவிட்டு, என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். குழந்தை குடித்த வேகத்தைப் பார்க்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் குழந்தைக்கு எடை ஏறாததில் நம் எல்லோருடைய பார்வைக்கும் பங்கு இருந்தது. என்னுடையதற்கும்.

சின்ன வயதுப் பிரசவத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 20 முதல் 24 வயதுப் பெண்களோடு ஒப்பிட்டால் 10 முதல் 19 வயதுத் தாய்மார்களுக்கு பிரசவ கால வலிப்பும், கருப்பைத் தொற்றும் வருகிற வாய்ப்பு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறப்பதும் கூடுதல். இதில் ஒரு பகுதி உடம்பு முதிராததால் வருவது. இன்னொரு பகுதி மறைப்பதால் வருவது. ஐந்தாம், ஆறாம் மாதம் வரை வீட்டில் சொல்லவே பயந்துகொண்டிருந்தவள் ரத்தச்சோகைக்கு மாத்திரை எப்போது சாப்பிடுவாள், ரத்த அழுத்தம் எப்போது பார்ப்பாள்? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இந்த வயதில் அதிகம். பேச ஆள் இல்லாத வீட்டில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. வளரும் நாடுகளில் 18 வயதுக்குள் நடக்கும் பிரசவங்களில் பத்தில் ஒன்பது திருமணத்துக்கு உள்ளேயோ சேர்ந்து வாழும் உறவுக்கு உள்ளேயோதான் நடக்கின்றன என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2013 அறிக்கையில் சொன்னது. அதே 15 வயது, அதே உடம்பு, அதே ஆபத்து. ஆனால் கணவன் வீட்டார் சூழ வருகிறவளை வரிசையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயதுதான் நம் கவலை என்றால் அவளுக்காகவும் பதறியிருக்க வேண்டும். நாம் பதறுவது குழந்தைக்காக அல்ல, மானத்துக்காக. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

மானத்துக்காக எதுவரை போவார்கள் என்பதற்கு அயர்லாந்து ஓர் உதாரணம். திருமணமாகாத தாய்மார்களை அனுப்பி வைத்த இல்லங்களைப் பற்றிய விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. ஆணையம் ஆராய்ந்த இல்லங்களில் 1922 முதல் 1998 வரை சுமார் 56,000 தாய்மார்கள் இருந்திருக்கிறார்கள். அங்கே இருந்த குழந்தைகளில் சுமார் 9,000 பேர் இறந்துபோயிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாடு, கர்ப்பிணிப் பெண்கள் மற்ற பிள்ளைகளோடு பள்ளியில் உட்காரக் கூடாது என்று 2015இல் தடை போட்டது. மற்றவர்கள் கெட்டுப்போவார்களாம். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்புச் சொல்லி, 2020 மார்ச்சில்தான் தடை நீங்கியது.

"மற்றவர்கள் கெட்டுப்போவார்கள்" என்கிற பயம் உங்களுக்கும் ஒரு ஓரத்தில் இருக்கலாம். பெற்றவர்களுக்கு அது இயல்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒதுக்கி வைத்தால்தான் குறையும் என்பது சரியில்லை. இங்கிலாந்து 1999இல் இதற்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளியில் பாலியல் கல்வி, பயமில்லாமல் போய் ஆலோசனை கேட்கக்கூடிய மருத்துவ மையங்கள், ஏற்கெனவே பெற்றோரான சிறுவயதினருக்குப் படிப்பைத் தொடர உதவி, எல்லாம் ஒரே திட்டத்தில் இருந்தன. அடுத்த இருபது வருடத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் கருத்தரிக்கும் விகிதம் 60 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. கைகொடுத்ததால் எண்ணிக்கை கூடிவிடவில்லை.

எங்கள் தொழிலிலிருந்து ஒன்று. 1970களின் கடைசியில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் ஒரு சோதனை செய்தார். முதல் குழந்தையைச் சுமந்த, இளவயது, ஏழ்மை, துணையின்மை என ஏதாவது ஒன்றில் சிக்கியிருந்த பெண்களின் வீட்டுக்குக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை ஒரு நர்ஸ் போய்வந்தார். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வீடுகளில் குழந்தை துன்புறுத்தல், புறக்கணிப்பு பற்றிய புகார்கள் மற்ற வீடுகளைவிடக் கிட்டத்தட்டப் பாதிதான் இருந்தன. எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. இங்கிலாந்தில் செய்தபோது முதல் இரண்டு வருடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் கதவைத் தட்டி உள்ளே வந்து உட்காரும் ஒரு மனுஷிக்கு என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவனை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான் சொன்ன பெண்ணோடும் ஒருவன் வந்திருந்தான். அவனுக்கும் பதினேழு வயதுதான் இருக்கும். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே குழந்தையின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த ஊசிக்கு வந்தபோது நானே போய்க் கூப்பிட்டேன். ஊசி போடும்போது குழந்தையின் காலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். கை நடுங்கியது, ஆனாலும் கடைசி வரை விடாமல் பிடித்திருந்தான். அவனை வெளியே நிறுத்தியவர்களேதான் நாளைக்கு "பொறுப்பில்லாமல் ஓடிவிட்டான்" என்றும் பேசுவார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி ஒரு சிறுவன் நிற்பதில்லை. பல சிறுமிகளின் கர்ப்பத்துக்குப் பின்னால் வயதில் மூத்த ஆண் இருக்கிறான். அது குற்றம், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். அங்கேயும் ஊர் பேசுவது அவளைப் பற்றித்தான், அவனைப் பற்றி அல்ல.

இன்னொரு பக்கம், "இந்த வயசுல என்ன தைரியம்!" என்று கொண்டாடி வீடியோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்து பால் கொடுத்துவிட்டு, விட்ட படிப்பை நினைத்து அழுகிறவளுக்குக் கைத்தட்டலால் ஒரு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. குழந்தையை யாராவது வாங்கிக்கொண்டு "நீ போய்த் தூங்கு" என்றால் கிடைக்கும்.

அதனால்தான் உங்கள் மகளைப் போகச் சொல்கிறேன். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், அந்த வீட்டுப் பெரியவர்களுக்குக் கூச்சம் விடும். "எப்படி ஆச்சு" என்று யாரும் கேட்க வேண்டாம். அதை அவள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருப்பாள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். பால் கொடுக்கும் நேரமாகத் தெரிந்தால் எழுந்து போகாமல் பேச்சைத் தொடருங்கள், எதுவும் நடக்காததுபோல இருங்கள். பிறகு பெரியவர்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள், அவர்கள் இருவரும் தோழிகளாகக் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

நான் சொன்ன பெண்ணின் நோட்டில் முன்பக்கத்திலிருந்து பாதிவரை பள்ளிக்கூடக் கணக்குதான் இருந்தது. கடைசியாகப் போட்ட கணக்கு நடுவில் நின்றிருந்தது. உங்கள் மகள் போகும்போது இந்த வருடக் கணக்கு நோட்டையும் கொண்டுபோகட்டும்.