பழைய காரில் இன்ஜின் கொதிக்கிறதா? கேள்விகளும் பதில்களும்

கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கார் ஹீட் ஆகுது’ என்று மட்டும் எழுதாதீர்கள். நிற்கும்போதா, வேகமாகப் போகும்போதா, மேடு ஏறும்போதா, ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயேவா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அது தெரியாமல் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் போகும்.

கே: சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வண்டி ஓட ஆரம்பித்தால் தானாக இறங்கிவிடுகிறது. கூலண்ட் குறையவில்லை. என்ன சார் காரணம்?

ப: ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றாவிட்டால் முதலில் ஃப்யூஸ். ஃப்யூஸ் நன்றாக இருந்தால், அதே பெட்டியில் இருக்கும் அதே மாதிரி இன்னொரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை), உதாரணமாக ஹாரன் ரிலேயை, மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அசையவில்லையா? ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் நேரடியாகக் கொடுங்கள். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் மோட்டாரை விட்டுவிட்டு ரேடியேட்டரில் இருக்கும், சூடு ஏறினால் ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்சுக்கு வாருங்கள். இரண்டு வயர் சுவிட்ச் என்றால் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, அந்த இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் கெட்டது சுவிட்ச். இதைச் செய்யும்போது கையும் துணியும் ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும்.

ஃபேன் சுற்றியும் சூடு குறையவில்லை என்றால் அது எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது என்று பாருங்கள். முன் கிரில் மேல் ஒரு தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து வந்தால், மோட்டார் மாற்றியபோது யாரோ வயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள். நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும் தவறு இது.

பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியில், சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுற்றி உடனே நிற்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினாலோ, நடுவில் எண்ணெய் கசிந்த கோடுகள் தெரிந்தாலோ ஃபேனின் நடுவில் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச் தீர்ந்துவிட்டது.

இது எல்லாமே சரி என்றால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த இடுக்கில் பூச்சி, தூசி, சருகு எல்லாம் சேர்ந்து படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் அடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

கே: எனக்கு நேர் எதிர். ஊருக்குள் பிரச்சினையே இல்லை, 80க்கு மேல் போனால் அல்லது மேடு ஏறினால் முள் ஏறுகிறது.

ப: அப்படியானால் ஃபேனை மறந்துவிடுங்கள். காற்று இருக்கிறது, தண்ணீர் ஓட்டம் போதவில்லை. பழைய காரில் முதல் சந்தேகம் ரேடியேட்டருக்குள் குழாய்கள் அடைத்திருப்பது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பாருங்கள். நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை என்று பொருள்.

இரண்டாவது, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். இது பம்ப் உறிஞ்சும் பக்கம். இன்ஜின் சூடான பிறகு ஒருவர் 3000 ஆர்பிஎம் வரை முடுக்கட்டும், நீங்கள் தள்ளி நின்று ஹோஸைப் பாருங்கள். ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து உடைந்திருந்தால் ஹோஸ் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை அணைத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுவதால் நின்ற வண்டியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாவது, வாட்டர் பம்பின் உள்சக்கரம். வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இரும்பு இறக்கைகள் அரித்துத் தேய்ந்திருக்கும். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் தண்டு சுற்றும், சக்கரம் வழுக்கும். வெளியில் ஒரு சொட்டு கசிவுகூட இருக்காது.

இவை மூன்றும் இல்லை என்றால் குளிர்விப்பை விட்டுவிட்டு சூடு எங்கிருந்து அதிகமாக வருகிறது என்று தேடுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது (ஸ்பார்க் தாமதமாக வருவது), கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருப்பது, ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. கடைசியதைப் பார்ப்பது சுலபம்: சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

கே: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா அண்ணா?

ப: வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். கூடவே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடும். பைபாஸ் தட்டு இல்லாத வகையில் இன்ஜின் சூடாகவே ஆகாமல் பெட்ரோலைக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும்.

சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். விளிம்பில் 82 அல்லது 88 என்று அச்சிட்டிருப்பது திறக்கத் தொடங்கும் டிகிரி. அதற்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் சுமார் 8 மி.மீ. வரை முழுதாகத் திறக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது ஸ்பிரிங் இன்ஜின் பக்கம், சின்னக் காற்று ஊசி மேல்பக்கம்.

கே: கூலண்ட் எல்லாம் எதுக்குங்க, தண்ணி ஊத்தினா ஓடாதா?

ப: ஓடும். பம்பையும் ரேடியேட்டரையும் தின்றுகொண்டே ஓடும். 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடியோடு வெறும் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 129 வரை தாங்கும். ஆனால் கொதிநிலையைவிட துரு தடுப்பதுதான் முக்கியம். அதற்காக முழுக் கூலண்டை ஊற்றுவதும் தப்பு. கூலண்டின் மூலப்பொருளான கிளைகால் (glycol) தனியாக இருந்தால் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும்.

மாற்றும்போது பலரும் தவறுவது அளவில். ரேடியேட்டரைத் திறந்துவிட்டாலும் இன்ஜின் பிளாக்குக்குள் பழைய தண்ணீர் தங்கும். எனவே தெளிவாக வரும்வரை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் முடியுங்கள். பிறகு மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால், நீர்க்காத கூலண்டை முதலில் 2.5 லிட்டர் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ஏற்கெனவே கலந்த கூலண்டை ஊற்றினால், உள்ளே தங்கிய தண்ணீரும் சேர்ந்து கூலண்ட் பங்கு பாதிக்குக் கீழே போய்விடும். நிறத்தை நம்பிக் கலக்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வேதிப்பொருள் வருகிறது.

கே: ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது!

ப: இன்ஜின் சூடாகவில்லை. எர்த் வயர் கெட்டிருக்கிறது. பேட்டரி நெகட்டிவ், இன்ஜின், பாடி மூன்றுக்கும் நடுவில் உள்ள இணைப்புகளையும் மீட்டர் போர்டு எர்த்தையும் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள்.

கே: வாரம் அரை லிட்டர் கூலண்ட் காணாமல் போகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஹெட் கேஸ்கெட்டா?

ப: அவசரப்படாதீர்கள். முதலில் சின்னச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கொதித்து ஆவியாகவே போய்விடும். மூடியில் எழுதியிருக்கும் அளவிலேயே, 0.9 என்றால் 0.9தான், புதிது போடுங்கள். கூடுதல் அழுத்த மூடி பழைய ஹோஸைக் கிழிக்கும். அடுத்து, முன் சீட்டுக்குக் கீழே கார்பெட் ஈரமா, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலமா என்று பாருங்கள். இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர், கசிகிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே காய்ந்த உப்புப் படிவு தெரிந்தால் சீல் போயிருக்கிறது. சூடான பிளாக் மேல் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும்.

அதன் பிறகு கேஸ்கெட், அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது. உறுதிப்படுத்த பிளாக் டெஸ்டர் வையுங்கள்: ரேடியேட்டர் வாயில் வைத்து மேலே வரும் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுத்தால், பெட்ரோல் இன்ஜினில் அது மஞ்சளாக மாறும். கூலண்டை சில அங்குலம் குறைத்துவிட்டுச் செய்யுங்கள், திரவத்தில் கூலண்ட் கலந்தால் சோதனை வீண். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். மற்றவை கருத்திருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் போகிறது. ஆயில் மூடியில் கொஞ்சம் வெள்ளை நுரை தெரிந்ததை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் அது சாதாரணமாக வரும்.

கே: முள் சிவப்பில் இருக்கிறது, ஆனால் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது. எப்படி?

ப: ஹீட்டருக்குச் சூடான தண்ணீர் வரவில்லை. கூலண்ட் மிகக் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. உடனே அணையுங்கள்.

குளிர்ந்த பிறகு காற்றை எடுக்க: வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் அருகில் பிளீட் ஸ்குரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் குமிழ் இல்லாமல் தண்ணீர் வரும்வரை திறந்து வையுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டு, அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். பொங்கி மேலே வர ஆரம்பித்தால் மூடியைப் போட்டுவிடலாம். மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் மறுபடி பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கே: வழியில் பானட்டிலிருந்து ஆவி வந்தால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

ப: ஆவி வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆவி இன்னும் வரவில்லை, முள் மட்டும் ஏறுகிறது என்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அணைத்த பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருந்தால் மட்டும், தடித்த துணி போட்டுக் கால் சுற்றுத் திருப்பி அழுத்தத்தை விடுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பால் கலந்த நிறம் என்றால் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போங்கள். நல்ல நிறமென்றால் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஓடும்போதே தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சூடான ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் வெடிப்பு விடும். ஸ்டார்ட்டர் ஒரு சுற்றில் அடித்து நின்றால் மறுபடி முயலாதீர்கள்: சிலிண்டரில் தண்ணீர் நிற்கலாம், கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கே: கசிவு அடைக்கும் பவுடர்?

ப: வீடு சேரும்வரை மட்டும். அது ஓட்டைக்கும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்க்கும் வித்தியாசம் பார்க்காது.

கே: ஹெட் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதுமா, ஃபேஸிங் அடிக்க (ஹெட்டின் பரப்பைச் சீவிச் சமமாக்க) வேண்டுமா?

ப: அளந்து முடிவெடுங்கள். சுத்தம் செய்த ஹெட்டில் கேஸ்கெட் உட்காரும் பரப்பின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (வளையாத நேர் விளிம்புள்ள பட்டையை) நீளவாக்கிலும், அகலவாக்கிலும், இரண்டு மூலைவிட்டமாகவும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். பல கையேடுகளில் அனுமதிக்கும் இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். தாண்டினால் ஃபேஸிங். ஆனால் ஹெட்டின் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, அந்த எண் உங்கள் இன்ஜின் கையேட்டில் இருக்கும். கொதித்த அலுமினிய ஹெட்டை லேத்துக்குக் கொடுக்கும்போது வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். பிளாக்கின் மேல்பரப்பையும் அதே போல அளக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். போல்ட் ஓட்டைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் வரிசையில், கையேடு சொல்லும் கட்டங்களாக இறுக்குங்கள். டிகிரி கணக்கில் இறுக்கும் வகை போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.