புதுவீட்டு முகப்பில் சிங்கம் எதற்கு?

அன்புள்ள அண்ணாச்சி,

ஆயர் ஒருவரின் அழைப்பிதழில் அவருடைய சின்னத்தைப் பார்த்தேன். கேடயம், மேலே பச்சைத் தொப்பி, இரண்டு பக்கமும் குஞ்சங்கள். எங்கள் புதுவீட்டு முகப்பிலும் அப்படிக் குடும்பச் சின்னம் வைக்க மகனுக்கு ஆசை. டிசைன் போடுபவர் சிங்கமும் கழுகும் வரைந்து அனுப்பியிருக்கிறார். அப்பா பனையேறித்தான் எங்களைப் படிக்கவைத்தார். அந்தச் சிங்கம் மனசுக்கு ஒட்டவில்லை. இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா?

வாசகர், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அர்த்தம் உண்டு. அதனால்தான் உங்களுக்கு ஒட்டவில்லை.

பச்சைத் தொப்பியும் பக்கத்துக்கு ஆறு குஞ்சமும் ஆயர் பதவிக்கு உரியவை. பேராயர் என்றால் பக்கத்துக்குப் பத்து. கேடயத்துக்குள் இருப்பதுதான் அந்த மனிதருடையது. போப் பிரான்சிஸ் தன் கேடயத்தில் இயேசு சபையின் சின்னத்தையும், மாதாவுக்கு ஒரு நட்சத்திரத்தையும், சூசையப்பருக்கு ஒரு வாசனைப் பூவையும் வைத்துக்கொண்டார்.

நம் ஊர்ச் சங்கையே பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். அதன் சின்னம் வலம்புரிச் சங்கு, இருபுறமும் யானை. மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தன்னை அவருடைய தாசன் என்று சொல்லிக்கொண்டவர். அந்தப் பெருமாள் கையில் இருப்பது சங்கு. ஸ்பெயின் சின்னத்துச் சிங்கத்துக்கும் காரணம் இருக்கிறது: லியோன் என்ற நாட்டின் பெயரிலேயே அவர்களுக்குச் சிங்கம் கேட்கிறது. உங்கள் வீட்டுச் சிங்கத்துக்கு என்ன காரணம்?

பனையை வையுங்கள். அப்பாவின் பாளை அருவாளை வையுங்கள். அக்கானி, அதாவது பதநீர், இறக்கும் கலயமும் வைக்கலாம், ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம், ரோட்டிலிருந்து பார்த்தால் கலங்கிப்போகும். நிறத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பழைய விதி உண்டு. பொன்னையும் வெள்ளியையும், அதாவது மஞ்சளையும் வெள்ளையையும், ஒன்றின்மேல் ஒன்று வைக்கக் கூடாது. கரும்பச்சைமேல் கறுப்பும் அப்படித்தான். வெள்ளைமேல் பச்சைப் பனை தூரத்திலிருந்தும் தெரியும்.

இங்கிலாந்தில் இதற்கு முறையாக அனுமதி வாங்க வேண்டும், அதற்கென்றே 1484 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அசோகச் சிங்கத்தை மட்டும் தொடாதீர்கள், அதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு.

அப்புறம், படத்துக்கு முன்னால் சொல்லால் எழுதிவையுங்கள்: ‘வெள்ளைக் கேடயம், நடுவில் பச்சைப் பனை, அதன் அடியில் கறுப்புப் பாளை அருவாள்.’ ஐரோப்பாவிலும் அந்த வாசகம்தான் சின்னம். படத்தை யார் வேண்டுமானாலும் தன் கைப்படி வரையலாம். அப்பாவின் அருவாள் வீட்டில் இருந்தால் டிசைன்காரரிடம் நேரில் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் கதிர் அருவாளை வரைந்துவிடுவார்.

அன்புடன்.