கேடயம் யாருக்கு, டிசம்பரில் பிள்ளைகள் எங்கே?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. மகன் ஆறாம் ஆண்டு, மகள் மூன்றாம் ஆண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நானும் இருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்தவரை எத்தனை ஏ என்று பார்த்து மேடையேற்றினோம். இப்போது சிலர் எல்லாருக்கும் கேடயம் கொடுக்கலாம் என்கிறார்கள், சிலர் முதல் மூன்று பேருக்கு மட்டும் போதும் என்கிறார்கள். விழா முடிந்ததும் நீண்ட விடுமுறை. நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில். வீட்டில் மாமியார் மட்டும். கைப்பேசியே கதியென்று கிடக்காமல் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: சகோதரி, இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. மேடையில் எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் பிள்ளை வீட்டுக்குப் போய் மறுபடி செய்து பார்க்கும். ஆகவே பரிசைத் தேர்ந்தெடுக்கும்போதே விடுமுறையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று பேர் கதையை எடுத்துக்கொள்வோம். சிறிய பள்ளியில் ஒரு வகுப்பில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். முதலாம் ஆண்டில் முந்திய மூவரே பெரும்பாலும் ஆறாம் ஆண்டிலும் முந்துவார்கள். மற்றப் பிள்ளைகள் ஆறு வருடமும் கைதட்டிவிட்டே இடைநிலைப்பள்ளிக்குப் போவார்கள். எல்லாருக்கும் ஒரே கேடயம் என்பதும் சரிவராது. யார் எதற்கு வாங்கினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். காரணமில்லாத கேடயத்தை அவர்களே மதிப்பதில்லை.

யு.பி.எஸ்.ஆர். 2021இல் கைவிடப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்கான பள்ளித் தேர்வுகள் அதற்கு முன்பே, 2019இல் நின்றுவிட்டன. இப்போது உங்கள் கையில் இருப்பது வகுப்பறை மதிப்பீடு. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலைகள் இருக்கின்றன. மூன்றை எட்டினாலே அந்தப் பாடத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி வந்துவிட்டது என்று பொருள். நம் பெற்றோர் பலர் இதை மதிப்பெண் போலப் படித்து, 'ஏன் நாலுதான்?' என்று பிள்ளையை அதட்டுகிறார்கள். போன ஆண்டு இரண்டில் நின்றவன் இந்த ஆண்டு நான்கில் நிற்கிறான் என்றால், ஆறிலேயே இருப்பவனைவிட அவன் அதிகம் உழைத்திருக்கலாம். இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

என் யோசனை இது. ஒவ்வொரு பிள்ளையையும் மேடைக்கு அழையுங்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் வகுப்பாசிரியர் எழுதிய ஒரு வாக்கியத்தோடு. 'மலாய் வாசிக்கத் தடுமாறியவள், இப்போது சபைகூடலில் அறிவிப்பு வாசிக்கிறாள்.' 'குறுக்கோட்டத்தில் கடைசியாக வந்தாலும் பாதியில் நிற்கவில்லை.' 'சண்டை போட்ட இருவரைச் சேர்த்துவைத்தான்.' 'நல்ல பிள்ளை', 'கெட்டிக்காரி' என்ற பொதுச் சொற்கள் வேண்டாம். 1998இல் உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ கெட்டிக்காரன்' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துக் கடினமான புதிர்களில் தோற்றதும் துவண்டார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

முழு வருகைக்கான பரிசை மட்டும் விட்டுவிடுங்கள் என்பேன். வேன் வராத நாளுக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளை என்ன செய்யும்? அப்படியே ஒய்.பி. என்று நாம் அழைக்கும் மக்கள் பிரதிநிதி வரும்வரை பிள்ளைகளை மண்டபத்தில் வேர்க்க வைத்து உட்காரவைப்பதும் வேண்டாம். ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் விழாவை வையுங்கள். அப்பா அம்மா கேட்காத பாராட்டு பாதிப் பாராட்டுதான்.

கேடயத்துக்கு ஒதுக்கிய காசில் பிள்ளை கையில் எடுத்துப் பயன்படுத்தும் பொருளை வாங்கலாம்: சதுரங்கப் பலகை, வண்ணப் பென்சில், கதைப் புத்தகம், அகராதி, பந்து. அந்த வாக்கியத்துக்குப் பொருத்தமானதாக இருக்கட்டும். விடுமுறையின் முதல் வாரம் அதிலேயே ஓடிவிடும்.

வீட்டில் செய்யக்கூடாத ஒன்று உண்டு. 'இருபது புத்தகம் படித்தால் கைப்பேசி வாங்கித் தருகிறேன்' என்று பேரம் பேசாதீர்கள். 1973இல் உளவியலாளர் லெப்பர் குழுவினர் பாலர் பள்ளியில் பார்த்தார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறை காணப்படவில்லை. படித்து முடித்தபின் சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கித் தாருங்கள், அது வேறு.

இனி விடுமுறை. 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் விழுகிறது. முதலில் ஆள் ஏற்பாடு. பிள்ளையைத் தகுந்த கண்காணிப்பின்றி விட்டுச்செல்வது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவில் குற்றம். மாமியார் இருக்கிறார், நல்லது. ஆனால் நாள் முழுக்க இரண்டு பிள்ளைகளின் பின்னால் அவரால் ஓட முடியாது. உங்கள் தாமான் குடியிருப்பிலோ தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலோ இதே நிலையில் இரண்டு மூன்று குடும்பங்களாவது இருக்கும். ஷிப்டு அட்டவணைகளை ஒன்றாக வைத்து, இன்னார் வீட்டில் இன்ன நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு, பழைய ஈயச் சுரங்கக் குட்டை, தோட்டத்துப் பெரிய கால்வாய் பக்கம் பெரியவர் இல்லாமல் போகக்கூடாது என்பதை எல்லா வீட்டிலும் ஒரே குரலில் சொல்லுங்கள். கரை சரியும், மழைக்குப் பின் ஆழம் தெரியாது. நீந்தத் தெரிந்த பையன்தான் முதலில் இறங்குவான்.

கைப்பேசியைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். மாமியார் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய காலத்துக் கதைகளை மகன் பதிவு செய்யட்டும்: விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் எடைபோட்ட இடம், கணக்கெழுதிய கிராணி, கூத்து நடந்த கோயில் திருவிழா. மகள் அதைக் கேட்டு எழுதிப் படம் வரையட்டும். மாமியாரும் 'பார்த்துக்கொள்கிற ஆள்' என்ற நிலை மாறிப் பேசுகிற ஆளாகிவிடுவார்.

பிறகு ஒரு விடுப்பு நாளில் பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்குப் போய்வாருங்கள். மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. 1877இல் அங்கே நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது என்று அதைச் சொல்வார்கள். பாட்டியையும் அழைத்துப்போங்கள், மரத்தடியில் அவர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. இன்னொரு நாள் கைகூடினால் தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் இருக்கிறது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் ஏரிப்பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டு வரலாம், செலவு பெரிதாகாது.

மகனுக்குத் தனியாக இரண்டு. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் பெரும்பாலான பாடங்கள் மலாயில் நடக்கும். தினமும் ஒரு பக்கம் மலாய் நாளிதழை உரக்க வாசித்து, தங்கைக்குத் தமிழில் சொல்லட்டும். டியூஷன் வேண்டுமா என்று யாராவது கேட்டால், இந்த மாதம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மற்றது, அவனுக்கு 12 வயது நிரம்பியிருந்தால் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஜனவரி நெருங்கினால் தேசியப் பதிவிலாகாவில் கூட்டம் சேரும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே பிறப்புப் பத்திரத்தோடு அழைத்துப்போங்கள், நீங்களோ கணவரோ உங்கள் அடையாள அட்டையுடன் கூடப் போக வேண்டும்.