கடை வாசலில் கேட்டால் வலி குறைவாகத்தான் வரும்

"முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களில் எத்தனை பேருக்குக் கழுத்து, முதுகு வலி இருக்கிறது என்று கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கணக்கெடுக்கிறேன். பீடிக் கடை வாசலில் நின்று 300 பேரிடம் கேட்டேன். நினைத்ததைவிட வலி குறைவாக வருகிறது. இன்னும் 300 பேரைக் கேட்டால் சரியாகிவிடுமா?" - பாளையங்கோட்டை மாணவி.

ஆகாதும்மா. அதே வாசலில் 3,000 பேரைக் கேட்டாலும் ஆகாது.

அங்கே யார் வருகிறார்கள்? சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிப் போகத் தெம்புள்ளவர்கள். கழுத்தைத் திருப்ப முடியாதவர் மகளிடம் கொடுத்தனுப்புவார். வலி தாங்காமல் பீடி சுற்றும் சுளகையே (முறத்தையே) ஓரம்கட்டியவர் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டார். நீங்கள் தேடுவது யாரிடம் இருக்கிறதோ அவர்களே விட்டுப்போகிறார்கள். வேலையில் நீடிப்பவர்களை மட்டும் பார்த்தால், உடம்பை முறிக்கிற வேலைகூட அவ்வளவு மோசமில்லை என்றுதான் தோன்றும்.

எண்ணிக்கையை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்த வசதியானவர்கள் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். சீட்டைத் திருப்பி அனுப்பியதும் ஒரு பகுதியினர்தான்.

சரி, என்ன செய்யலாம்? வீடு வீடாகப் போங்கள். 2,400 வீடு இருந்து, 400 வீடு பார்க்க முடியுமென்றால் ஆறுக்கு ஒரு வீடு. முதல் வீட்டை 1 முதல் 6 வரை எழுதிச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 4 வந்தால் 4, 10, 16 என்று போகலாம். ஒரு வீட்டில் மூன்று பேர் சுற்றினால் மூவரையும் கேளுங்கள். 400 பேர் தேறினால், கிடைக்கும் விழுக்காடு உண்மையான விழுக்காட்டிலிருந்து பெரும்பாலும் ஏறக்குறைய 5 புள்ளிக்குள் முன்பின்னாக இருக்கும். கல்லூரி ஆய்வுக்கு அது தாராளம்.

கேள்வியையும் மாற்றுங்கள். "இப்போது சுற்றுகிறீர்களா?" என்று தொடங்கினால், "நான் விட்டு மூணு வருசமாச்சு, என்கிட்ட என்னத்தக் கேக்கப் போறிய?" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். "எப்போதாவது சுற்றியிருக்கிறீர்களா, ஏன் விட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் நுழைந்துவிடாதீர்கள். ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. பகலில் பூட்டியிருப்பது வயலுக்கோ நூறு நாள் வேலைக்கோ போனவர்கள் வீடாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் இன்னொரு தடவை போங்கள்.

பழைய 300ஐத் தூக்கிப் போட வேண்டாம். 'கடைக்கு வந்தவர்கள்' என்று தனிப் பட்டியலாக வையுங்கள். புதுக் கணக்கோடு மட்டும் கூட்டிவிடாதீர்கள்.