அரைப் புள்ளியில் கை நழுவும் பட்டம்: செஸ் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, என் மகள் சர்வதேச மாஸ்டர். 9 சுற்றுப் போட்டி ஒன்றில் 6.5 புள்ளி எடுத்தாள். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) 2420, அதில் 3 பேர் கிராண்ட்மாஸ்டர்கள். இருந்தும் கிராண்ட்மாஸ்டர் நார்ம் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் போட்டி முடிவு) கிடையாது என்று நடுவர் சொல்லிவிட்டார். எங்கே குறைந்தது?

பதில்: குறைந்தது அரைப் புள்ளிதான். நார்ம் கிடைக்க அந்தப் போட்டியில் அவருடைய ஆட்டம் 2600 ரேட்டிங்குக்கு ஈடாக இருக்க வேண்டும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி 9க்கு 6.5 எடுத்தால் எதிராளிகளின் சராசரியோடு 166 சேர்ப்பார்கள். 2420 + 166 = 2586. இன்னும் 14 வேண்டும். 7 எடுத்திருந்தால் 220 சேர்ந்து 2640 ஆகியிருக்கும், நார்ம் கையில்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கடைசிச் சுற்றில் 2420 ரேட்டிங் உள்ளவருக்குப் பதிலாக 2550 உள்ளவர் வந்திருந்தால் சராசரி 2434 ஆகியிருக்கும். அப்போது அதே 6.5 போதும். எனவே சுவிஸ் முறைப் போட்டியில் (ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமப் புள்ளி உள்ளவர்களை மோதவிடும் முறை) கடைசி இரண்டு சுற்றுகளுக்கு ஜோடி வெளியானதும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுங்கள். டிரா போதுமா, வெற்றி வேண்டுமா என்பது தெரியாமல் பலகையில் உட்காருவதுதான் பெரிய தவறு. மனப்பாடம் செய்துகொள்ளச் சில எண்கள்: சராசரி 2380 என்றால் 7 புள்ளி, 2434 என்றால் 6.5, 2475 என்றால் 6, 2520 என்றால் 5.5. சராசரி 2380க்குக் கீழே போனால் 9க்கு 9 எடுத்தாலும் நார்ம் கிடையாது. எதிராளிகளில் ஒரே ஒருவர் மிகக் குறைந்த ரேட்டிங் உள்ளவராக இருந்தால் அவரை 2200 என்று உயர்த்திக் கணக்கிட விதி இடம் தருகிறது. இரண்டாமவருக்கு அந்தச் சலுகை இல்லை.

எதிராளிகளின் கலவையும் சரியாக இருக்க வேண்டும். 9 பேரில் குறைந்தது 3 கிராண்ட்மாஸ்டர்கள், மொத்தம் 5 பேராவது பட்டம் பெற்றவர்கள் (கேண்டிடேட் மாஸ்டர் பட்டம் இதில் சேராது), சொந்த நாட்டவர் 5 பேருக்கு மேல் கூடாது, வேறு இரண்டு நாட்டவராவது இருக்க வேண்டும். வெளிநாட்டவர் நிறையப் பேர் ஆடும் பெரிய ஓபன் போட்டிகளில் நாட்டு விதிக்கு மட்டும் தளர்வு உண்டு. எதிராளி வராமல் கிடைத்த புள்ளி பொதுவாக நார்ம் கணக்கில் சேராது. 9 சுற்றுப் போட்டியில் அப்படி ஒன்று நடந்தால் கையில் 8 ஆட்டம்தான் மிஞ்சும். அன்றே தலைமை நடுவரிடம் பேசிவிடுங்கள், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். போட்டி 10 அல்லது 11 சுற்று என்றால் ஒரு வசதி: ஜெயித்த ஆட்டம் ஒன்று சராசரியை இழுத்துக் கீழே தள்ளுகிறது என்றால் அதை விட்டுவிட்டுக் கணக்கிடலாம். மீதி 9 ஆட்டமாவது இருந்து, மற்ற நிபந்தனைகளும் நிறைவாக இருந்தால் போதும்.

கேள்வி: நார்ம் எடுத்தால் பட்டம் தானாக வந்துவிடுமா?

பதில்: வராது. 27 ஆட்டங்களாவது அடங்கிய நார்ம்கள் வேண்டும், சாதாரணமாக அது மூன்று நார்ம். கூடவே ஒரு முறையாவது 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். ஒவ்வொரு நார்முக்கும் ஐடி1 என்ற சான்றிதழைத் தலைமை நடுவர் கையெழுத்துடன் வாங்க வேண்டும். ஊர் திரும்பும் முன்பே அதை வாங்கி, ஃபிடே எண், எதிராளிகளின் ரேட்டிங், அவர்களின் பட்டம், நாடு எல்லாம் சரியா என்று வரிவரியாகப் பாருங்கள். விண்ணப்பத்தை அனுப்புவது உங்கள் நாட்டுக் கூட்டமைப்புதான். பட்டம் கிடைத்துவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். ரேட்டிங் பின்னர் எவ்வளவு இறங்கினாலும் பறிக்கமாட்டார்கள்.

கேள்வி: மூன்று நார்மும் இருக்கிறது. ரேட்டிங் 2490ஐத் தாண்ட மறுக்கிறது. 10 புள்ளிக்காக ஒரு வருடமாக அலைகிறேன். என்ன செய்வது?

பதில்: 2400ஐ ஒருமுறை தொட்டவர்களுக்குக் கே-மதிப்பு (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) 10. அதற்குப் பிறகு ரேட்டிங் இறங்கினாலும் அது மாறாது. இதன் பலன் என்ன என்று பாருங்கள். 2490 உள்ள நீங்கள் 2300 உள்ளவரோடு ஆடினால் அட்டவணை உங்களிடம் 0.75 புள்ளி எதிர்பார்க்கிறது. வென்றால் 2.5 கூடும், டிரா ஆனால் 2.5 குறையும், தோற்றால் 7.5 போய்விடும். ஒரு தோல்வியை ஈடுகட்ட மூன்று வெற்றி வேண்டும். அந்த 2300காரர் வேகமாக வளரும் சிறுவனாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவனுடைய உண்மையான பலம் ரேட்டிங்கை விட எப்போதும் ஒரு படி முன்னால் நிற்கும்.

எனவே சிறுவர்கள் நிறைந்த ஓபன் போட்டிகளைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். 10 பேர் ஒருவரோடொருவர் ஆடும் மூடிய போட்டியையோ அணிப் போட்டியையோ தேடுங்கள். அங்கே எதிராளிகள் உங்கள் ரேட்டிங்கை ஒட்டியே இருப்பார்கள், டிரா செய்தால் பெரிய நஷ்டம் இல்லை. இன்னொன்று, 2500 மாதப் பட்டியலில் வர வேண்டியதில்லை. போட்டியின் நடுவில் ஏதோ ஒரு சுற்று முடிந்ததும் கணக்கு 2500ஐத் தொட்டால் போதும், அடுத்த சுற்றில் தோற்றாலும் கவலையில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மாற்றத்தைக் குறித்துவையுங்கள். தொட்டதே தெரியாமல் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: கிராண்ட்மாஸ்டர் ஆனபின் ஆட்டத்தை மட்டுமே நம்பி வாழ முடியுமா?

பதில்: பட்டத்துக்காக ஃபிடே சம்பளம் எதுவும் தருவதில்லை. பரிசுப் பணத்தில் மட்டும் நிம்மதியாக வாழ்பவர்கள் உலக வரிசையின் மேல்தட்டில் இருக்கும் சிலரே. மற்றவர்களுக்குப் பிழைப்பு அணி லீக் ஆட்டம், பயிற்சி வகுப்பு, பெரிய வீரர்களுக்குத் திறப்பாட்டம் தயாரித்துக் கொடுக்கும் உதவியாளர் வேலை, இணையப் பாடங்கள் என்று பல கிளையாகப் பிரிந்திருக்கும். பட்டத்தின் உடனடிப் பயன் என்றால், போட்டி நடத்துபவர்கள் பலர் கிராண்ட்மாஸ்டர்களுக்கு நுழைவுக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, தங்குமிடமும் சாப்பாடும் தருவார்கள். அவர்கள் வந்தால்தான் மற்றவர்களுக்கு நார்ம் வாய்ப்பு. இந்த ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசுப் பணம் சமநிலையில் எப்படிப் பிரியும் என்றும் படித்துப் பாருங்கள். சில இடங்களில் சமமாகப் பங்கிடுவார்கள், சில இடங்களில் பாதித் தொகை தரவரிசைப்படி போகும், சில இடங்களில் முழுவதுமே டைபிரேக் (சமப் புள்ளி எடுத்தவர்களை வரிசைப்படுத்தும் கணக்கு) பார்த்துத்தான்.

கேள்வி: ஐந்தாவது மணி நேரத்தில், யானையும் சிப்பாயும் உள்ள இறுதியாட்டத்தில், டிரா ஆகவேண்டியதைத் தோற்றுவிடுகிறேன்.

பதில்: பெரும்பாலும் யானையை அவசரமாக நகர்த்துவதால்தான் இது நடக்கிறது. பலகையில் வைத்துப் பாருங்கள் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). வெள்ளை: ராஜா டி5, சிப்பாய் இ5, யானை எச்7. கறுப்பு: ராஜா இ8, யானை பி6. கறுப்புக்கு வேலை ஒன்றுதான்: யானையை 6ஆம் வரிசையிலேயே பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருப்பது. அது அங்கே நிற்கும்வரை வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் இ6க்கு வந்த அடுத்த நொடி யானை பி1க்கு இறங்க வேண்டும். இப்போது ராஜா டி6க்கு வந்தால் டி1இலிருந்து செக், இ5க்குப் போனால் இ1இலிருந்து செக். சிப்பாய் முன்னேறிவிட்டதால் ராஜாவுக்கு ஒதுங்க மறைவிடம் இல்லை. சிப்பாய் இன்னும் இ5இல் இருக்கும்போதே யானையை இறக்கினால், ராஜா இ6க்கு ஏறி அதே சிப்பாயை முதுகுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு, எச்8இல் மாட் என்று மிரட்டும். அதற்குப் பிறகும் தப்ப வழி உண்டு, ஆனால் நகர்வுக்கு 30 விநாடி மட்டும் கிடைக்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இந்த ஒரு நிலையைக் கடிகாரம் வைத்து, இருபுறமும் மாறி மாறி 20 முறை ஆடிப் பாருங்கள். பிறகு யானையை பி6க்குப் பதில் 8ஆம் வரிசையில் வைத்துத் தொடங்குங்கள். அங்கே கட்டுண்டு நிற்கும் யானை நடுச் சிப்பாயிடம் எப்படித் தோற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த முறை கை தவறாது.