பரணில் கிடந்த ஐபிஎம் பிசி: கரண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: கீழமாசி வீதியில் உள்ள எங்கள் மளிகை மண்டியின் பரணில் ஐபிஎம் 5150 ஒன்று கிடந்தது. பச்சை எழுத்து மானிட்டர், இரண்டு ஃபிளாப்பி டிரைவ். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. போட்டுப் பார்க்கலாமா? கூடவே ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி. பழைய பேரேடு அதில் இருக்கலாம்.
– வாசகர், மதுரை

பதில்: இன்னும் செருகவில்லையே? நல்லதாகப் போயிற்று. 1981 ஆகஸ்டில் வெளிவந்த மாடல் இது. அமெரிக்காவில் விற்றவற்றின் பவர் சப்ளை 120 வோல்ட்டுக்கு மட்டுமே. 230-க்கு மாற்ற சுவிட்ச் கிடையாது. நம் பிளக்கில் நேராகச் செருகினால் சப்ளை போய்விடும். பின்பக்க லேபிளில் 120 என்றிருந்தால் 230-ஐ 120 ஆகக் குறைக்கும் 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். சப்ளை 63.5 வாட்தான் என்றாலும், மானிட்டரும் பெட்டியின் முதுகிலுள்ள சாக்கெட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும்.

அடுத்து, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை முன்னால் இழுத்து எடுங்கள். பரண் தூசியை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். மதர்போர்டில் பட்டாணி அளவில் இருக்கும் டாண்டலம் கெப்பாசிட்டர்கள்தான் முதல் சந்தேகம். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் தாங்குவதைப் போட்டிருப்பார்கள்; பல வருடம் சும்மா கிடந்தால் ஷார்ட் ஆகிவிடலாம். அப்போது சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், ஃபேன் ஒரு துடி துடித்து நிற்கும். சப்ளைதான் போச்சு என்று பலர் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இரண்டு கனெக்டர்கள் பி8, பி9. பி8-ஐக் கழற்றி, போர்டில் அதன் மூன்றாவது பின்னுக்கும் ஐந்தாவது பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஓரிரண்டு ஓம்தான் காட்டினால் ஷார்ட். கார்டுகளை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், குற்றவாளி அங்கேயும் இருக்கலாம். 10 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 25 வோல்ட் ரகம் போடுங்கள். மூன்று கால் உள்ளதில் நடுக்கால்தான் பாசிட்டிவ். திரும்ப மாட்டும்போது பி8, பி9 இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒட்டி வர வேண்டும். மாறினால் போர்டு காலி.

ஒரு ஃபிளாப்பி டிரைவையாவது மாட்டியே வையுங்கள், சுமை இல்லாமல் சப்ளை கிளம்ப மறுக்கலாம். ஒரே ஒரு பீப் வந்தால் சரி. ஃபிளாப்பி போடாவிட்டாலும் பேசிக் (புரோகிராம் எழுதும் மொழி) திரையில் வரும். ரோம் சிப்பிலேயே அது இருக்கிறது, ரேமில் அல்ல. திரையில் 201 என்று வந்தால் மெமரி கோளாறு, 301 என்றால் கீபோர்டு.

பேரேட்டு ஃபிளாப்பிகளை அவசரப்பட்டுப் போடாதீர்கள். நடுவட்டைத் திருப்பி, உறையிலுள்ள நீள்துளை வழியே வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை; உள்ளே போட்டால் டேட்டாவும் உரிந்து ஹெட்டும் கெடும். சுத்தமானவற்றுக்கும் ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத முடியாதபடி செய்துவிட்டே போடுங்கள். பிற்காலத்து 1.2 எம்பி டிரைவும் இவற்றைப் படிக்கும். ஆனால் அதில் எழுதிவிடாதீர்கள்: அதன் டிராக் குறுகல், பழைய டிரைவுக்குச் சரியாகப் படிக்க வராது.