கையால் பிதுக்கும் கிரீஸ் உறையை எப்படி வடிவமைப்பது?

வண்டிக்குப் போடும் கிரீஸைக் கையால் பிதுக்கிவிட்டு, காலியானதும் தூக்கிப்போடுகிற மாதிரி ஓர் உறை வேண்டும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரீஸின் குணத்திலிருந்து தொடங்குங்கள். அது எண்ணெய் போல வழியாது. ஓரளவுக்கு மேல் அழுத்தினால்தான் நகரும். பேரிங்குகளுக்குப் பரவலாகப் போடும் என்எல்ஜிஐ (கிரீஸ் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் அளவுகோல்) 2ஆம் தர கிரீஸில் விரலால் குழி பறித்தால், குழி அப்படியே நிற்கும்.

சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் இங்கேதான் காலை வாரிவிடும். அழுத்திய கையை எடுத்ததும் பாட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பும், கூடவே காற்றை உள்ளே இழுக்கும். கிரீஸ் தானாக வாய்ப்பக்கம் இறங்காது. அடுத்த முறை அழுத்தினால் 'புஸ்' என்று காற்றுதான் வரும், பாதி கிரீஸ் சுவரிலேயே தங்கிவிடும். அழுத்தினால் அழுங்கியே இருக்கும் அலுமினிய டியூப், அல்லது அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வரக்கூடிய தட்டையான பை, இதற்கு எவ்வளவோ மேல்.

அப்புறம் மூக்கு. அதன் நீளம் இருமடங்கானால், கிரீஸை நகர்த்தத் தேவையான அழுத்தமும் இருமடங்காகும். துளை குறுகினாலும் கை வலிக்கும். குட்டையாக, அகலமாக வையுங்கள்.

அட்டையால் செய்த உறை கிரீஸில் உள்ள எண்ணெயை உறிஞ்சும், வேண்டாம். மூடியை வழுக்கும் விரலாலும் திருக முடிய வேண்டும், அதனால் இறக்கை வைத்த மூடி நல்லது. ஒரே தடவையில் தீரும் சின்னப் பை என்றால் மூடியே தேவையில்லை, கிழிக்க ஒரு வெட்டு போதும். திறந்த கிரீஸில் மண் விழும் கவலையும் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான்.